போக்கஸ் லைற்றை மாற்றுமுன்

(யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோயில் வீதியிலும் மைதானத்திலும் வீட்டு முற்றத்திலும் இருக்கிற பழைய ஹலோஜன் போக்கஸ் லைற்றுகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போடலாமா, போட்டால் எதைப் பார்த்துப் போடுவது என்று பேசச் சொன்னார்கள். போடலாம். போடத்தான் வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக எங்கள் ஊர்களில் நடக்கிற மாற்றத்தைப் பார்க்கிறபோது எனக்கு மனக்குறை ஒன்று இருக்கிறது. 500 வாற் லைற்றைக் கழற்றிய இடத்தில் 100 வாற் போட்டால் போதும். நாங்களோ 200 வாற் போடுகிறோம், பக்கத்திலே இன்னும் இரண்டைக் கொழுவுகிறோம், விடிய விடிய எரியவிடுகிறோம். மிச்சம் பிடித்த மின்சாரம் வானத்துக்குப் போகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

வெளிச்சத்தின் பெறுமதியை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கூத்துப் பார்த்தவர்கள். மென்டில் கருகி உதிர்ந்தால் அண்ணாவியார் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அதன்பின் 'லைற் மெசின்' என்ற ஜெனரேற்றர் வந்தது. கோயிலுக்குப் பின்வளவில் மெசினை வைத்து, பனையிலும் பந்தல் காலிலும் ரியூப் லைற்றைக் கட்டி, திருவிழாவுக்கு இத்தனை ரியூப் பிடித்தோம் என்று உபயகாரர் பெருமையோடு சொன்ன காலம் அது. சிகரமும் சோடனையும் மின்னலங்காரமும் அந்த வழியில் வந்தவைதான்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதோடு லக்சபானாவிலிருந்து வந்த மின்சாரம் குடாநாட்டுக்கு நின்றுபோனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமைப்பொருளானது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் திரியை நிறுத்திக் கொளுத்தினார்கள். போத்தலே சிமினியாக இருந்து காற்றைத் தடுத்தது. அந்தச் சுடரைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படித்துச் சோதனை எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். ஒரு துளி எண்ணெயில் எவ்வளவு நேரம் எரியும் என்று கணக்குத் தெரிந்த சனம் நாங்கள்.

பிறகு 2022 வந்தது. அந்த மார்ச் முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. தெருவிளக்குகளை அணைக்கும்படி அரசாங்கமே உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னொரு 66 வீதம். பிறகு குறைத்தார்கள், திரும்பவும் கூட்டினார்கள். கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் பழைய சலுகை விலை இல்லாமற் போனபோதுதான், பல பரிபாலன சபைகள் முதன்முறையாக மீற்றரை நின்று பார்த்தன.

அப்படிப் பார்க்கும்போது எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது ஹலோஜன் லைற்தான். அதைக் குறை சொல்லுமுன் அது எப்படி எரிகிறது என்று பார்ப்போம், அது கெட்டிக்காரப் பொருள். சாதாரண மின்குமிழில் தங்குதன் கம்பி சூடேறி ஒளிரும். சூட்டில் தங்குதன் ஆவியாகிக் கண்ணாடியில் படியும். குமிழ் கறுக்கும், கம்பி மெலிந்து அறும். 1959 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் ஆய்வாளர்கள் காப்புரிமை பெற்ற வழி வேறு. குமிழுக்குள் சிறிது அயடீன் சேர்த்தார்கள். ஆவியான தங்குதனை அயடீன் பிடித்துக்கொண்டு திரும்பவும் கம்பியில் கொண்டுவந்து சேர்க்கும். இது நடக்கக் கண்ணாடிச் சுவர் 250 பாகை செல்சியஸுக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். அதனால்தான் சாதாரண கண்ணாடியை விட்டுக் குவாட்ஸில் செய்தார்கள், அதனால்தான் குமிழ் அவ்வளவு மெல்லிய குழாயாக இருக்கிறது. விரலால் தொட்டால் விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி வெடிக்கும் என்று எங்கள் வயர்மன்மார் துணியால் பிடித்து மாட்டுவதும் இதனால்தான்.

500 வாற் ஹலோஜன் ஏறத்தாழ 9,000 லூமன் வெளிச்சம் தரும். உள்ளே போன மின்சாரத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானதுதான் கண்ணுக்குத் தெரிகிற ஒளி, மற்றதெல்லாம் சூடு. ஆயுள் 2,000 மணித்தியாலம் அளவு. இன்றைக்கு ஒரு நல்ல எல்.ஈ.டி. போக்கஸ், வாற்றுக்கு 100 லூமனுக்குக் குறையாமல் தரும். அதே வெளிச்சத்துக்கு 80 இலிருந்து 100 வாற் போதும். 1993 இல் ஜப்பானில் சூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் செய்துகாட்டிய பிறகுதான் இது கைகூடியது. நீல ஒளியின்மேல் மஞ்சள் பொஸ்பரைப் பூசினால் வெள்ளை பிறக்கும். அந்த நீல எல்.ஈ.டி.க்காக அகசாகி, அமனோ, நகமுரா என்ற விஞ்ஞானிகள் மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்டெம்பரில் வீட்டுப் பாவனை ஹலோஜன் குமிழ்களையும், 2021 செப்டெம்பரில் போக்கஸ் லைற்றுக்கான நீள் குழாய்களையும் சந்தையிலிருந்து நிறுத்தியது. ஆகவே இந்த விசயத்தில் தீர்ப்பு முடிந்துவிட்டது. ஹலோஜன் போகத்தான் போகிறது.

நடுத்தரக் கோயிலொன்றின் கணக்கைப் பார்ப்போம். பத்து நாள் திருவிழா. வெளிவீதியைச் சுற்றி 500 வாற் போக்கஸ் இருபது. மாலை ஆறு மணியிலிருந்து நடுச்சாமம் வரை. மொத்தம் 10 கிலோவாற், ஒரு இரவுக்கு 60 யூனிற், பத்து நாளைக்கு 600 யூனிற். அதையே 100 வாற் எல்.ஈ.டி.யில் செய்தால் 120 யூனிற். பணம் ஒருபுறம் இருக்கட்டும், மின்னோட்டத்தைப் பாருங்கள். 10 கிலோவாற் என்றால் 43 அம்பியர். ஒரு தனிக்கட்ட 30 அம்பியர் இணைப்பு அதைத் தாங்காது. தாங்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மெல்லிய வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு, மணலில் இழுத்து, அதன்மேல் சனம் நடக்கும். எல்.ஈ.டி. இருபதுக்கும் சேர்த்து 9 அம்பியர்தான். மின்சாரம் நின்று ஜெனரேற்றர் ஓடினாலும் இதே கதைதான். யூனிற்றுக்கு மூன்றில் ஒரு லீற்றர் டீசல் என்று வைத்தால் ஒரு இரவுக்கு 20 லீற்றர் போன இடத்தில் நாலு லீற்றரோடு முடியும், மெசினும் சின்னதாகப் போதும், அதன் இரைச்சலில் ஓதுவாரின் தேவாரம் அமுங்காது.

தீயையும் சொல்ல வேண்டும். எங்கள் பந்தல் கிடுகால் வேய்ந்தது, உள்ளே வெள்ளை கட்டியது, தோரணம் தொங்குவது. ஹலோஜன் லைற்றின் முன்கண்ணாடியில் பட்ட பூச்சி பட்ட இடத்திலேயே பொரிந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணாடிக்கு முன்னால், காற்றில் ஆடுகிற காய்ந்த ஓலை ஒரு முழத் தூரத்தில் நிற்பதை இப்போதும் சில இடங்களில் காண்கிறேன். வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகப் பந்தலுக்குள் இருக்கிற ஹலோஜனை இன்றைக்கே கழற்றுங்கள்.

இன்னொரு விசயம் குடாநாட்டுக்குச் சொந்தமானது. வயர் நீண்டு போகிற ஒழுங்கைகளில், பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறபோது மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ற்றில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் ஹலோஜனின் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு இறங்கிவிடும். அழுத்தம் இன்னும் மிகக் கீழே இறங்கினால் குமிழ் போதிய சூடு ஏறாமல், நான் முன்னே சொன்ன அயடீன் வேலையும் தடைப்பட்டு, குழாய் கறுக்கத் தொடங்கலாம். நடுச்சாமத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறும். ஐந்து வீதம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நல்ல எல்.ஈ.டி.யில் டிரைவர் என்று ஒரு மின்சுற்று இருக்கிறது. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அது மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும். மலிவான லைற்றுகளில் இந்த டிரைவரைத்தான் குறைக்கிறார்கள். தனியான டிரைவரே இல்லாமல், விளக்குப் பொட்டுகள் இருக்கிற தகட்டிலேயே நாலு சில்லுகளை ஒட்டிவிடுகிறார்கள். ஒரு இடி மின்னல் போதும். ஐப்பசி மழையில் போன எல்.ஈ.டி. லைற்றுகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் விளக்குப் பொட்டுகள் நன்றாக இருக்கும், மின்சுற்றுத்தான் கருகியிருக்கும். 'எல்.ஈ.டி. நிற்காது' என்று ஊரில் ஒரு கதை இருக்கிறதே, அந்தக் கதை பிறந்த இடம் இதுதான்.

ஆகவே வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். சூட்டை வெளியேற்ற அலுமினியம் வேண்டும், அலுமினியம் இருந்தால் பாரம் இருக்கும். பின்பக்கத்தில் செட்டைகள் இருக்கின்றனவா, மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். பசை போட்டு ஒட்டியதைத் திருத்த முடியாது. எங்கள் ஊரில் றேடியோவும் ரீவியும் திருத்திய கைகள் தடைக்காலத்தில் எதையெல்லாம் உயிர்ப்பித்தன என்று நாங்கள் கண்டவர்கள். அவர்களுக்கு ஒரு டிரைவரை மாற்றுவது பெரிய வேலையல்ல. மாற்ற முடிகிற பொருளை வாங்குவது எங்கள் பொறுப்பு. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, குருநகர், ஊர்காவற்றுறை போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இன்னொரு எதிரி. பெட்டியில் 'ஐபி 65' என்று போட்டிருப்பது மழைக்கும் தூசுக்கும் மட்டும். உப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. திருகாணியும் தாங்கியும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். கோடையில் நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவித் துடைத்துவிட்டால் ஆயுள் கூடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

பெட்டியில் எழுதிய வாற்றையும் நம்பிவிடாதீர்கள். 100 என்று எழுதி 40 மட்டும் இழுக்கிற லைற்றுகள் சந்தையில் உண்டு. அதைக் கண்டுபிடிக்க விலைகூடிய கருவி வேண்டாம். வீட்டு டிஜிற்றல் மீற்றரில் சிவப்புப் பொட்டொன்று மினுங்கும். பக்கத்தில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை மினுக்கம் என்று எழுதியிருக்கும். பிறிட்ஜ் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புதிய லைற்றை மட்டும் போடுங்கள். யூனிற்றுக்கு 1,000 மினுக்கம் என்றால், உண்மையான 100 வாற் லைற்றுக்கு 36 செக்கனுக்கு ஒரு மினுக்கம் வர வேண்டும். 90 செக்கன் எடுத்தால் அது 40 வாற். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை இது. பிள்ளைகளைக் கொண்டே செய்வியுங்கள்.

பழைய ஹலோஜன் பெட்டியை வைத்துக்கொண்டு குமிழை மட்டும் எல்.ஈ.டி.க்கு மாற்றலாமா என்று கேட்கிறார்கள். அந்த வடிவத்தில் எல்.ஈ.டி. குழாய்கள் கிடைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூடிய பெட்டிக்குள் சூடு போக வழியில்லை. பின்னால் இருக்கிற பளபளப்புத் தகடும் மெல்லிய கம்பியின் ஒளிக்கென்று வளைத்தது, தடித்த குழாயை வைத்தால் வெளிச்சம் சிதறும். முழு லைற்றையும் மாற்றுங்கள். மாற்றிய பின் நிறுத்தினாலும் மங்கலாக எரிகிறது என்றால் பேய் பிசாசு ஒன்றுமில்லை. பெரும்பாலும் சுவிச் பேஸ் வயரை வெட்டாமல் நியூற்றலை வெட்டுகிறது. ஹலோஜன் காலத்தில் அது தெரியாமல் இருந்தது. தெரிந்தவரைக் கூப்பிட்டு உடனே திருத்துங்கள், அது உயிராபத்து.

இனி நான் முக்கியமாக நினைக்கிற விசயம். நிறம்.

ஹலோஜன் ஒளி 3,000 கெல்வின் அளவிலான மஞ்சள் கலந்த வெள்ளை. சிவப்பிலிருந்து ஊதா வரை எந்த நிறத்தையும் விட்டுவிடாமல் காட்டும். எல்.ஈ.டி.க்கு மாறியபோது நாங்கள் எல்லோரும் 6,500 கெல்வின் பால்வெள்ளைக்குத் தாவினோம், அது 'பளிச்' என்று இருப்பதால். பளிச்சென்று இருப்பது நீலம் கூடியதால். நீலத்தை வைத்து வெள்ளை செய்கிற லைற்றில் சிவப்புக் குறைவாக இருக்கும், மலிவு லைற்றில் இன்னும் குறைவு. அதன் விளைவைக் கோயிலில் பாருங்கள். சுவாமி வெளிவீதி வருகிறார். செவ்வரத்தம் பூமாலை கறுத்த மண்ணிறமாகத் தெரிகிறது. குங்குமம் காய்ந்த நிறமாகத் தெரிகிறது. பொன் பூசிய வாகனம் ஈயம்போலச் சாம்பல் பூத்து நிற்கிறது. சாத்துப்படிக்கு ஐயர்மார் மத்தியானத்திலிருந்து பட்ட பாடு அந்த ஒரு லைற்றில் வீணாகிறது. பஞ்சாலாத்தி காட்டுகிற அந்த நிமிடத்தில் மட்டும் நெருப்பின் ஒளியில் நிறமெல்லாம் திரும்பி வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? எங்கள் பட்டும் பொன்னும் பூவும் நெருப்பொளிக்கென்று தெரிந்தெடுத்தவை. கடையில் கேட்கும்போது 3,000 கெல்வின், நிறம் காட்டும் சுட்டி 80க்கு மேல் என்று கேளுங்கள். மண்டபத்துக்குள்ளே என்றால் 90. இல்லை என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள்.

ஒரு கோயில் தர்மகர்த்தா என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் சொல்லுறது சரிதான். ஆனா பக்கத்துக் கோயில் பகல் மாதிரி எரியேக்க, எங்கட கோயில் மங்கிக் கிடந்தா சனம் என்ன சொல்லும்?" அவருடைய கவலை உண்மையானது. திருவிழாவுக்குத் திருவிழா, உபயத்துக்கு உபயம் என்று போட்டி எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் கண்ணின் இயல்பு என்னவென்றால், முகத்துக்கு நேரே ஒரு கூசும் லைற் இருந்தால் சுற்றியுள்ளதெல்லாம் இருட்டாகிவிடும். அதே லைற்றை மறைப்பிட்டுக் கோபுரத்தின் மீதோ தேரின் மீதோ மட்டும் விழச் செய்தால் அரைவாசி வெளிச்சத்தில் அது இருமடங்கு வடிவாகத் தெரியும். அவருடைய கோயிலிலேயே ஒரு இரவு சில லைற்றுகளை நிறுத்தி, சிலதைச் சரித்துக் காட்டினோம். பார்த்துவிட்டு, "சுவாமி இப்பதான் தெரியுறார்" என்றார்.

வீட்டு முற்றத்துக்கு இந்தப் போட்டி தேவையே இல்லை. ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். பௌர்ணமி நிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுதான், அதிலே கிணற்றடிக்குப் போய் வந்தவர்கள் நாங்கள். முற்றத்துக்கு ஐந்து லக்ஸ் தாராளம். இரண்டு பரப்புக் காணியின் முன்வளவுக்கு 20 வாற் எல்.ஈ.டி. போதும். கள்ளருக்குப் பயந்து மதிலில் 100 வாற் போட்டு வீதியைப் பார்க்கத் திருப்பிவிடுகிறார்கள். அந்த லைற்றுக்குப் பின்னால் நிற்கிற கள்ளனை வீதியால் போகிற ஒருவரும் காணமாட்டார். கீழே திருப்பி, ஆள் அசைந்தால் எரிகிற சென்சரோடு போடுங்கள். பழைய ஹலோஜனோடு வந்த இரண்டு வயர் சென்சர் எல்.ஈ.டி.யோடு சரிவராது, நியூற்றல் வயரும் சேருகிற சென்சராக வாங்க வேண்டும்.

விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு. 'மின்னொளியில் கரப்பந்தாட்டம்' என்ற நோட்டீஸைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் போகத்தான் மனம் வரும். எங்கள் இளைஞர் பகலில் தோட்டத்திலும் கடலிலும் கடையிலும் நிற்கிறவர்கள், அவர்களுக்கு இரவுதான் மைதானம். ஆகவே லைற் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பிய நியமமொன்றின்படி உள்ளூர் உதைபந்துக்கும் பயிற்சிக்கும் 75 லக்ஸ், கழக மட்டத்துக்கு 200, பெரிய போட்டிக்கு 500. எங்கள் மைதானங்கள் பலவற்றில் நடுவிலே ஒளி கொட்டிக் கிடக்கும், மூலைகளில் பந்து தெரியாது. கூடுதல் வாற் அதைத் தீர்க்காது, கம்பத்தின் உயரமும் சரிவும்தான் தீர்க்கும். மினுங்குகிற மலிவு லைற்றையும் தவிருங்கள். கைபேசியில் வீடியோ எடுத்துப் பார்த்தால் திரையில் கறுத்த பட்டைகள் ஓடும். அந்த லைற்றின்கீழ் அடித்த பந்து கண்ணுக்கு விட்டுவிட்டுத் தெரியும்.

பெரிய மைதானமொன்றும் வரப்போகிறது. 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் யாழ்ப்பாண சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். எங்கள் பிள்ளைகள் சர்வதேசப் போட்டியைப் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் பார்க்கப்போகிறார்கள் என்பதில் எனக்கு எல்லோரையும் போலவே மகிழ்ச்சி. ஆனால் மண்டைதீவைச் சுற்றி இருப்பது யாழ் கடல்நீரேரி. மாரியில் பூநாரைகளும் வேறு வலசைப் பறவைகளும் வந்து மேய்கிற நீர். இரவில் பறக்கிற பறவைக்கு வெளிச்சம் திசையைக் குழப்பும். வெளிச்சத்துக்கு உயிர்களை இழுக்கிற வலு உண்டு என்பதை எங்கள் கடற்றொழிலாளர் எல்லோரையும் விட நன்றாக அறிவார்கள். வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்து வடக்கில் அவர்கள் எத்தனை தரம் குரல் கொடுத்திருக்கிறார்கள்! மண்டைதீவில் கோபுர விளக்குகள் வரும்போது அவை எல்.ஈ.டி.யாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. பழைய மெற்றல் ஹலைட் விளக்கு ஒருமுறை நின்றால் திரும்ப எரியக் கால்மணி நேரம் எடுக்கும் என்பதால் அவற்றை விடிய விடிய எரியவிட ஒரு சாட்டு இருந்தது. எல்.ஈ.டி. சுவிச்சைத் தட்டியதும் எரியும், தட்டியதும் நிற்கும். ஆட்டம் முடிந்ததும் அணைப்பது, புலத்துக்கு வெளியே ஒரு கீற்றும் விழாமல் மறைப்பது, வலசைக் காலத்தில் இரவு ஆட்டத்தைக் குறைப்பது, இந்த மூன்றையும் இப்போதே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கம்பம் நட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காரைநகர் அலன் ஆபிரகாம் யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டே வானியலில் தேர்ந்து, 1910 இல் ஹலியின் வால்வெள்ளி வந்தபோது அதைக் கணித்துத் தமிழிலே விளக்கியவர். அந்த அறிவுக்கு அவருக்கு வேண்டியிருந்தது முதலில் ஒரு இருண்ட வானம். 2023 இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2011 இலிருந்து 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் பார்த்துப் பதிந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அவதானிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரவு வானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 வீதம் வெளிச்சமாகிக்கொண்டு போகிறதாம். எல்.ஈ.டி. பரவிய அதே ஆண்டுகள். மலிவானதால் குறைவாகச் செலவழித்தோம் என்றில்லை, கூடுதலாக எரித்தோம். போர்க்காலத்து இருட்டில் எங்கள் பிள்ளைகள் வாசலில் நின்று பால்வீதியைப் பார்த்தார்கள். அந்த இருட்டு எங்கள்மேல் திணிக்கப்பட்டது, அது திரும்ப வரக்கூடாது. ஆனால் சமாதான காலத்துப் பிள்ளைக்கும் அந்த வானம் உரித்தானது.

வானத்திலிருந்து கூரைக்கு இறங்குவோம். எங்கள் கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகியிருக்கின்றன. பகலில் மின்சாரம் பொங்கி வழிகிறது. பிரச்சினை மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. நாட்டின் தேவை உச்சத்துக்குப் போவது அப்போதுதான், எண்ணெய் எரிக்க வேண்டி வருவதும் அப்போதுதான். சுன்னாகத்தில் எண்ணெயில் மின்சாரம் எடுத்தபோது தண்ணீரில் எண்ணெய் கலந்து எங்கள் கிணறுகள் என்ன விலை கொடுத்தன என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயிலும் மைதானமும் லைற் போடுகிற நேரமும் பெரும்பாலும் அந்த நாலு மணித்தியாலந்தான். 10 கிலோவாற் இரண்டாகக் குறைந்தால், அந்த இரண்டைப் பகல் வெயிலில் ஏற்றிய பற்றரியிலிருந்தே எடுத்துவிடலாம். ஹலோஜனோடு அதைக் கனவிலும் நினைக்க முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கொடியேற்றத்துக்கு முன், அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன், ஒரு இரவு பரிபாலன சபையும் விளையாட்டுக் கழகமும் பிரதேச சபை உறுப்பினரும் சேர்ந்து எல்லா லைற்றையும் போட்டுவிட்டு வீதியைச் சுற்றி நடந்து பாருங்கள். நிலத்தில் விழாமல் கண்ணிலோ அயல்வீட்டு யன்னலிலோ வானத்திலோ விழுகிற லைற் ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதலில் அவற்றைத் திருப்புங்கள், வேண்டாதவற்றை இறக்குங்கள், மிஞ்சியதை மட்டும் எல்.ஈ.டி.க்கு மாற்றுங்கள். மாற்றுமுன் உள்ள மீற்றர் வாசிப்பையும் மாற்றிய பின் உள்ளதையும் இந்தச் சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகையில் எல்லோரும் காண ஒட்டிவிடுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்க நானும் வருவேன்.